உங்க ஒரு மணி நேரம்

மாமியார்: இன்னும் இங்கயேதான் நிக்கறீங்க. உள்ள போங்க மாப்ள.

மாப்பிள்ளை: போறேன் அத்தை. ஃபிளைட்டே இன்னும் வரல. இப்பவே உள்ள போய் என்ன பண்றது... கண்ணாடி வழியா காலித் தரையைப் பாத்துட்டு உக்காந்திருக்கணும்.

மாமியார்: உக்காந்திருங்களேன். உள்ள நாற்காலி நல்லா இருக்கும்.

மாப்பிள்ளை: நீங்க பாத்தீங்களா?

மாமியார்: பாக்கணுமா என்ன. டிக்கெட் வாங்கினவனுக்குத்தான் நல்ல நாற்காலி போடுவான். வழியனுப்ப வந்தவளுக்கு இந்த இரும்புதான்.

மாப்பிள்ளை: அதைத்தான் நானும் கேக்கணும்னு... நீங்க எதுக்கு அத்தை வந்தீங்க? கல்யாணம் ஆகி ஆறு வருஷம். தெருமுனை வரைக்கும்கூட என்னை வழியனுப்பினது இல்ல.

மாமியார்: நூல் வாங்கணும். போற வழிதான்.

மாப்பிள்ளை: நூல் கடை ஊருக்குள்ள இருக்கு. இது ஊருக்கு வெளிய.

மாமியார்: இது நல்ல கதையா இருக்கே. மாமியார் வந்தா ஏன் வந்தேங்கறது, வரலன்னா ஏன் வரலங்கறது. நீங்க முதல்ல ஒரு இடத்துல நில்லுங்க. அங்கயும் இங்கயும் நடந்து எனக்குத் தலை சுத்துது.

மாப்பிள்ளை: நிக்கறேன். அத்தை... உங்க பொண்ணுகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லிடலல்ல? நான் வர்றேன்னு?

மாமியார்: நான் எதுக்குச் சொல்றேன்.

மாப்பிள்ளை: வாய் தவறிக்கூட?

மாமியார்: மூக்குக் கண்ணாடி ஃபிரேம் எடுக்கப் போறேன், அப்படியே உங்க பொண்ணு குட்டி வீட்டு வாசல்ல போய் நிக்கப் போறேன், ரகசியம்னீங்க. ரகசியம்னா ரகசியம். ரெண்டு நாள்ல திரும்பிடுவீங்கதானே?

மாப்பிள்ளை: ம்... ஆமா. ஃபிரேம் பாக்கணும். கடைக்குப் புதுசா ஒண்ணும் இல்ல.

மாமியார்: அங்கேர்ந்து கிளம்பிடுச்சா?

மாப்பிள்ளை: எது?

மாமியார்: ஃபிளைட்டு. அங்கேர்ந்து இங்க வர்றது.

மாப்பிள்ளை: அதைப் பத்தி உங்களுக்கு என்ன... ஆனா அது கிளம்பினாதான் இது கிளம்பும்.

மாமியார்: எது கிளம்பினா எது?

மாப்பிள்ளை: ஒரே ஃபிளைட்டு அத்தை. அங்கேர்ந்து ஆளுங்களைக் கொண்டு வந்து இங்க இறக்கும். எங்களை ஏத்திக்கிட்டு அதே திரும்பிப் போகும். ஒரு நாளைக்கு ஒரு தடவை. அவ்வளவுதான் இந்த ஊருக்கு.

மாமியார்: ரெண்டு இருக்கும்ல? நீங்க போறப்ப அது எதுத்தாப்புல வரும்னு நெனச்சேன். பஸ் மாதிரி.

மாப்பிள்ளை: பஸ் மாதிரின்னா, நடுவுல டீக்கடையில நின்னு டிரைவருங்க பேசிக்குவாங்களா?

மாமியார்: கிண்டல் பண்ணாதீங்க. அப்ப... வர்றவங்க இறங்கற நேரத்துல நீங்களும் இங்கதான் இருப்பீங்க.

மாப்பிள்ளை: பின்ன? அவங்க இறங்காம நான் எப்படி ஏறறது, மடியிலயா?

மாமியார்: மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக்குவீங்களா?

மாப்பிள்ளை: யாரு?

மாமியார்: பொதுவா கேட்டேன். ஏறறவங்க, இறங்கறவங்க.

மாப்பிள்ளை: என்ன அத்தை கேள்வி இது. தெரியல. அந்தக் கவுண்டர் பொண்ணைக் கேளுங்க.

மாமியார்: கேக்கறேன். ஏம்மா... இங்க பாரும்மா. அந்த ஊர்லேர்ந்து வர்றவங்க இறங்கி இப்படித்தான் வருவாங்களா?

கவுண்டர் பொண்ணு: இல்லம்மா. அவங்க அந்தக் கடைசி வாசல். போறவங்க இந்த வாசல். நடுவுல சுவர்.

மாமியார்: போறவரு உள்ள போயிட்டா, வர்றவங்க கண்ணுல பட மாட்டாரா?

கவுண்டர் பொண்ணு: பட மாட்டாரும்மா. யாராவது வர்றாங்களா உங்களுக்கு?

மாமியார்: யாரும் இல்ல. சும்மா ஒரு பொது அறிவுக்கு. ஃபிளைட் கிளம்பிடுச்சா?

கவுண்டர் பொண்ணு: கிளம்பி அரை மணி நேரம் ஆச்சு. கொஞ்சம் லேட்டு. சார், பெட்டி இருந்தா கொண்டு வாங்க, போட்டுடலாம்.

மாப்பிள்ளை: இருக்கு... கொண்டு வரேன். ஒரு நிமிஷம்.

மாமியார்: கேட்டுதா? பெட்டியைப் போட்டுட்டு உள்ள போயிடுங்க. ஏம்மா, அங்கேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம்?

கவுண்டர் பொண்ணு: டிக்கெட்ல ஒரு மணி பத்து நிமிஷம்னு போட்டிருக்கும். ஆகாசத்துல பறக்கறது நாப்பது நிமிஷம்தான்.

மாமியார்: மீதி அரை மணி நேரம் எங்க போச்சு?

கவுண்டர் பொண்ணு: கீழதான் போகும்மா. கதவைச் சாத்தணும், ஊர்ந்து ஓடுதளத்துக்குப் போகணும், மேல போகலாமான்னு கேட்டுட்டு நிக்கணும். இறங்கின பிறகும் அதே கதை.

மாமியார்: தூரம்?

கவுண்டர் பொண்ணு: வரைபடத்துல கோடு கிழிச்சா இருநூத்தி எழுபது கிலோமீட்டர். நடுவுல மலை இருக்கு, சுத்திட்டுத்தான் வரும். முன்னூறு தாண்டிடும்.

மாமியார்: ஆகாசத்துல போயும் சுத்து வழியா. பாத்தீங்களா மாப்ள, நான் தைக்கற மாதிரியே இருக்கு. கஸ்டமர் கேட்டா 'காஜா மட்டும்தான் பாக்கி'ம்பேன். அப்படிச் சொன்னா துணியை இன்னும் வெட்டவே இல்லன்னு அர்த்தம்.

மாப்பிள்ளை: உங்க கடை வேற, இது வேற.

மாமியார்: என்ன வேற? பறக்கறது நாப்பது நிமிஷம். ஆனா வீட்டுலேர்ந்து இங்க வர்றதுக்கு ஒரு நேரம். முன்னாடியே வந்து காத்துக் கிடக்க ஒரு நேரம். அங்க இறங்கி குட்டி இருக்கற இடத்துக்குப் போக இன்னொண்ணு. காலையில பல் தேச்சவன் சாயங்காலம்தான் போய்ச் சேருவான். இதுக்குப் பேரு உங்க ஒரு மணி நேரம்.

மாப்பிள்ளை: என்ன சொன்னீங்க?

மாமியார்: என்ன?

மாப்பிள்ளை: 'உங்க ஒரு மணி நேரம்.'

மாமியார்: ஆமா, சொன்னேன். என்ன இப்ப?

மாப்பிள்ளை: அது அவ வார்த்தை. என்கிட்ட ஃபோன்ல சொன்னா. வேற யாருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்படி...

மாமியார்: தாய்க்கும் பொண்ணுக்கும் ஒரே வாய்தான்.

மாப்பிள்ளை: நடிக்காதீங்க அத்தை. எல்லாம் சொல்லிட்டாளா?

மாமியார்: கத்தாதீங்க. அந்தப் பொண்ணு பாக்குது.

மாப்பிள்ளை: சொல்லிட்டாளா இல்லையா?

மாமியார்: ...சொன்னா. பெத்தவகிட்ட சொல்லாம சுவர்கிட்டயா சொல்லுவா.

மாப்பிள்ளை: என்ன சொன்னா?

மாமியார்: அவளுக்கு வயித்து வலி வந்து ஆஸ்பத்திரியில சேத்தப்போ ஃபோன் பண்ணினாளாம். ஒரு மணி நேரம், இதோ வந்துடறேன்னீங்களாம். அவ ஆபரேஷன் ரூமுக்குள்ள போற வரைக்கும் வாசலையே பாத்துட்டுப் படுத்திருந்தாளாம். கூட இருந்தது பக்கத்து வீட்டுக்காரி.

மாப்பிள்ளை: பனி அத்தை. அன்னைக்கு இங்கேர்ந்து ஒண்ணும் பறக்கல. இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். போயிடும் போயிடும்னு சொல்லிச் சொல்லி, மத்தியானம்தான் இல்லன்னாங்க. அப்புறம் பஸ்ஸைப் பிடிச்சு போய்ச் சேரும்போது மறுநாள் ஆயிடுச்சு.

மாமியார்: அதை அவகிட்ட சொன்னீங்களா?

மாப்பிள்ளை: சொன்னேன். பனிக்கு உங்க மேல என்ன கோவம்னு கேட்டா.

மாமியார்: கேப்பா. என் வயித்துல பொறந்தவதானே.

மாப்பிள்ளை: அவளுக்குக் கோவம் அந்த ஒரு நாள் மேல இல்ல. ரெண்டு வருஷமா நான் அதையேதான் சொல்லிட்டிருந்தேன். அவளுக்கு அங்க வேலை கிடைச்சப்போ, ஒரு மணி நேரம்தானே, நீ அங்க இரு, நான் கடையைப் பாத்துக்கறேன், வாரா வாரம் வந்துடறேன்னேன். வாரா வாரம் மாசா மாசம் ஆச்சு. அப்புறம் அதுவும் இல்ல. தூரமா இருந்திருந்தா பயந்துபோய் ஏதாவது பண்ணியிருப்பேன். பக்கம், பக்கம்னு சொல்லியே விட்டுட்டேன்.

மாமியார்: இந்த அறிவு அப்பவே இருந்திருக்கணும். ஊர்ல இருக்கறவன் கண்ணை எல்லாம் பாத்தீங்க. கட்டினவ கண்ணைப் பாக்கல.

மாப்பிள்ளை: திட்டுங்க. உங்க திட்டுக்காவது பதில் சொல்ல முடியுது. அவ திட்டறதையும் நிறுத்திட்டா. போன வாரம் ரொம்ப அமைதியா சொன்னா... இனிமே நீங்க வரவும் வேண்டாம், நானும் வரலன்னு. அதுக்கப்புறம் ஃபோனை எடுக்கல.

மாமியார்: தெரியும்.

மாப்பிள்ளை: தெரிஞ்சுதான் என்னை உள்ள போ, உள்ள போன்னு விரட்டறீங்களா? போய் அடி வாங்கிட்டு வரட்டும்னு?

மாமியார்: ஃபிரேம் எடுக்கத்தானே போறீங்க. போயிட்டு வாங்க. அங்க போய் ரெண்டு வார்த்தை பேசுவீங்க, அவ ரெண்டு வார்த்தை பேசுவா, ஞாயித்துக்கிழமை கடையைத் திறந்து உக்காந்துடுவீங்க. எனக்கென்ன புதுசா.

கவுண்டர் பொண்ணு: சார்... பெட்டி? கவுண்டரை மூடணும்.

மாப்பிள்ளை: இதோ. வெச்சுட்டேன்.

கவுண்டர் பொண்ணு: ரொம்ப வெயிட் சார். சின்ன ஃபிளைட்டு, இவ்வளவு ஏத்த மாட்டாங்க. ஏதாவது கையில எடுத்துக்கறீங்களா?

மாமியார்: ரெண்டு நாளைக்கு இவ்வளவா? வீட்டையே பேத்து எடுத்துட்டீங்களா?

மாப்பிள்ளை: விடுங்க அத்தை. நான் பாத்துக்கறேன். நீங்க போய் உக்காருங்க.

மாமியார்: நான் ஏன் உக்காரணும். நகருங்க... கம்பளி. குளிருக்கா? அங்க குளிரே கிடையாதே. இது உங்க அப்பா படம். இதை எதுக்கு... மாப்ள. இந்தப் பெட்டி...

கவுண்டர் பொண்ணு: என்ன சார் அது, உள்ள எல்லாம் வட்ட வட்டமா கண்ணாடி?

மாப்பிள்ளை: கண்ணு பாக்கறதும்மா. ஒவ்வொண்ணா கண்ணுக்கு முன்னாடி போட்டு, இது தெளிவா, அது தெளிவான்னு கேப்பாங்கல்ல, அது. உடைஞ்சுடும், கையிலயே வெச்சுக்கறேன்.

மாமியார்: இது கடையை விட்டு வெளிய வராதே. தெருவெல்லாம் வெள்ளம் வந்தப்போ முதல்ல இதைத்தான் தலையில தூக்கிட்டு ஓடி வந்தீங்க. குட்டி கூடச் சொன்னா, என்னைத் தூக்க மறந்துட்டாரும்மான்னு.

மாப்பிள்ளை: சொல்லியிருப்பா.

மாமியார்: ஃபிரேம் எடுக்கப் போறவனுக்கு இது எதுக்கு?

மாப்பிள்ளை: ஃபிரேம் எடுக்கல.

மாமியார்: பின்ன?

மாப்பிள்ளை: கடையைத் தம்பிகிட்ட குடுத்துட்டேன். நேத்து. சாவி, போர்டு, கண்ணாடி அலமாரி எல்லாம். இது மட்டும் என்னுது.

மாமியார்: குடுத்துட்டேன்னா... பாத்துக்கச் சொல்லிட்டு வந்தீங்களா?

மாப்பிள்ளை: குடுத்துட்டேன் அத்தை. அங்க ஒரு கடையில கண்ணு பாக்க ஆள் கேட்டாங்க. சம்பளத்துக்கு. அவ ஆபீஸ் இருக்கற அதே தெருதான், நடந்தே போயிடலாம். இனிமே தூரமே கிடையாது.

மாமியார்: நீங்க... இன்னொருத்தன் கடையில?

மாப்பிள்ளை: முதலாளியா இருந்து என்னத்தைக் கிழிச்சேன்.

மாமியார்: அவளுக்கு இது தெரியுமா?

மாப்பிள்ளை: தெரியாது. சொன்னா நம்ப மாட்டா. நான் சொல்றதை நம்பறதை விட்டுட்டா. அதான் சொல்லாம போறேன். கதவைத் திறந்தா நான் நிக்கணும், பெட்டியோட. திட்டினாலும் சரி. உள்ள விடலன்னா ஒரு ரூம் பாத்துக்கறேன். ஆனா அந்தத் தெருவை விட்டுப் போக மாட்டேன்.

மாமியார்: திரும்பி வர டிக்கெட்?

மாப்பிள்ளை: எடுக்கல.

கவுண்டர் பொண்ணு: இப்ப சரியா இருக்கு சார். இந்தாங்க, ஏறறதுக்கான சீட்டு. ஃபிளைட் இறங்கப் போகுது. நீங்க உள்ள போயிடுங்க.

மாப்பிள்ளை: சரிம்மா. வரேன் அத்தை. உடம்பைப் பாத்துக்கங்க.

மாமியார்: இருங்க.

மாப்பிள்ளை: என்ன?

மாமியார்: உக்காருங்க கொஞ்சம். டீ சாப்பிடலாம்.

மாப்பிள்ளை: இப்பத்தானே உள்ள போ, உள்ள போன்னு உயிரை எடுத்தீங்க.

மாமியார்: அப்ப சொன்னேன். இப்ப இருங்கன்னு சொல்றேன். வயசானவ ஒரு டீ கேட்டா வாங்கித் தர மாட்டீங்களா?

மாப்பிள்ளை: அத்தை, நேரம் இல்ல. சத்தம் கேக்குது பாருங்க. இறங்கிடுச்சு.

மாமியார்: இறங்கினா இறங்கட்டும். அது ஊர்ந்து வந்து, கதவைத் திறந்து... அந்தப் பொண்ணு சொல்லுச்சே, அரை மணி நேரம் கீழதான் போகும்னு.

மாப்பிள்ளை: உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? முகமெல்லாம் வேர்த்திருக்கு.

மாமியார்: வேர்க்குது. ஆமா. எனக்கு ஒரு மாதிரி படபடன்னு வருது. என் பக்கத்துல உக்காருங்க.

மாப்பிள்ளை: தண்ணி குடிங்க. இந்தாங்க... மெதுவா. ஃபோன் அடிக்குது பாருங்க.

மாமியார்: அடிக்கட்டும்.

மாப்பிள்ளை: எடுங்களேன், யாராவது அவசரமா...

மாமியார்: கஸ்டமர். துணி கேப்பா.

மாப்பிள்ளை: காஜா மட்டும்தான் பாக்கின்னு சொல்லுங்க. நின்னுடுச்சு... மறுபடி அடிக்குது. ரொம்ப அவசரக்காரி போல.

மாமியார்: அவ அப்படித்தான். சின்னதுலேர்ந்தே.

மாப்பிள்ளை: யாரு?

மாமியார்: ...அந்தக் கஸ்டமரு.

கவுண்டர் பொண்ணு: சார், நீங்க இன்னும் போகலயா? உங்களைத் தவிர எல்லாரும் உள்ள போயாச்சு. அந்தக் கதவைச் சாத்தச் சொல்றாங்க.

மாப்பிள்ளை: வந்துட்டேன்மா. அத்தை, ஆட்டோ பிடிச்சு நேரா வீட்டுக்குப் போங்க. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடறேன்.

மாமியார்: போகாதீங்க.

மாப்பிள்ளை: கையை விடுங்க.

மாமியார்: ஏம்மா, ஒரு நிமிஷம் திறந்து வைக்கச் சொல்லும்மா. இல்ல, வேண்டாம்... சாத்தச் சொல்லு. சாத்திடச் சொல்லு.

கவுண்டர் பொண்ணு: என்னம்மா நீங்க. சார் வர்றாரா, இல்லையா?

மாப்பிள்ளை: வரேன். அத்தை, என்ன ஆச்சு உங்களுக்கு? கடையைக் குடுத்தது பிடிக்கலயா? பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை போய் ஒட்டிக்கிட்டான்னு நாலு பேரு பேசுவாங்கன்னு பாக்கறீங்களா?

மாமியார்: நாலு பேரு என் காதுல பேசட்டும், நான் பாத்துக்கறேன். அது இல்ல.

மாப்பிள்ளை: பின்ன என்ன? சொல்லித் தொலைங்களேன்... மன்னிச்சுக்கங்க. ராத்திரி முழுக்கத் தூங்கல. இந்த ஃபிளைட்டை விட்டா நாளைக்குத்தான். நாளைக்கும் பனியோ மழையோன்னு ஏதாவது ஒண்ணு வரும். நானும் இதே நாற்காலியில உக்காந்துடுவேன், அப்புறம் எழுந்து தம்பிகிட்ட சாவியைத் திருப்பிக் கேட்டுடுவேன். எனக்கு என்னைத் தெரியும். இன்னைக்கே போயிடணும்.

மாமியார்: போக வேண்டாம்.

மாப்பிள்ளை: அவ வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறக்கறப்போ நான் அங்க இருக்கணும். விடுங்க.

மாமியார்: அந்தக் கதவை இன்னைக்கு யாரும் திறக்க மாட்டாங்க மாப்ள. குட்டி இங்க இருக்கா. இப்ப இறங்குச்சே, அதுலதான் வந்திருக்கா. நீங்க அங்க வர்றீங்கன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். அதுக்கு அவ, அவர் மூஞ்சியைப் பாக்காம வீட்டுல இருக்கற என் துணிமணியை எடுத்துட்டுப் போயிடறேம்மா, அவர் உள்ள போயாச்சான்னு மட்டும் நின்னு பாத்துச் சொல்லுன்னா. அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டு, எனக்கு ஃபோன் மேல ஃபோன் பண்றா. 'அவர் போயிட்டாரு, வெளிய வா'ன்னு சொல்லத்தான் நான் வந்தேன்... எனக்கு அதைச் சொல்ல வாய் வரல.